சம்பங்கிக்கு ஞானத்தாய் யார்?

மைசூர் மைன்ஸ், கோலார் தங்கவயல்
1903 பிப்ரவரி 9

கர்த்தருக்குள் பிரியமான ஜெபத்தோழி யோவன்னாளுக்குப் பாக்கியவதி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். அவருக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட். சுரங்கத்துக்குள்ளே மரம் முட்டுக்கொடுக்கிற வேலை என்றால் உனக்குத் தெரியுமே, சங்கு ஊதி அவர் கேஜ் கூண்டில் ஏறி மேலே வருகிற வரைக்கும் என் காது அந்தப் பக்கம்தான் இருக்கும். காற்று திரும்பினால், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து தூசி பறந்து, துவைத்து உலர்த்திய துணியெல்லாம் வெள்ளை பூத்துப்போகிறது. குடியாத்தத்தில் உன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் எல்லாரும் சுகமா? உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? தனியாக இருக்கிறவள், எண்ணெய் தேய்க்கக்கூட ஆளில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

மிஷன் போர்டிங் பள்ளியை விட்டு வரும்போது துரைசானி அம்மாள் நம் இருவரையும் ஜெபத்தோழிகளாக ஜோடி சேர்த்துவிட்டார்களே, கிறிஸ்தவ வாழ்க்கையில் அந்த மாதம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை ஒருவருக்கொருவர் எழுதவேண்டும் என்று, அதை நான் இதுவரை தவறவிட்டதில்லை. இந்த மாதம் மட்டும் பேனாவை எடுத்தால் மனசு முழுக்க எரிச்சலாக வருகிறது.

எங்கள் குடியிருப்பு லைனுக்கு, பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கப் பெங்களூரிலிருந்து ஒரு வேதஸ்திரீ வந்திருக்கிறாள். ஃப்ளோரா என்று பெயர். சின்ன வயசு. காலில் பூட்ஸ், கையில் குடை, பின்னால் ஒரு கூலியாள் தலையில் ஹார்மோனியம். வியாழக்கிழமைதோறும் என் வாசலில் பெண்கள் கூடி ஜெபிப்பார்களே, அந்தக் கூட்டத்தை இனி கோயிலுக்குள் வைத்து அவளே நடத்துவாளாம். மிஷன் உத்தரவு. நான் ஆரம்பித்த கூட்டம், யோவன்னாள்! ஆளே வராத நாளில் நானும் பக்கத்து வீட்டுச் சம்பங்கியும் மட்டும் உட்கார்ந்து பாடிய கூட்டம். இப்போது ஹார்மோனியம் சத்தம் கேட்டதும் பாதி வெந்த உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். சம்பங்கியும் ஓடுகிறாள். நாலு வருஷமாக உரலில் கைபோட்டுக்கொண்டே அவளுக்குப் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொடுத்தது யார்? அவள் புருஷன் எல்லப்பன் குடித்துவிட்டு வந்து கத்தும்போது அவள் பிள்ளைகளை என் வீட்டில் படுக்கவைத்தது யார்? போன வியாழக்கிழமை அவள் சொல்கிறாள், "அக்கா, ஃப்ளோராம்மா பாடறது தேன் மாதிரி கீதுக்கா" என்று. என் பாட்டு இத்தனை நாள் என்னவாக இருந்ததாம்?

இம்மாதப் பாடம்: பிறருக்கு ஆண்டவர் கொடுத்த வரத்தைக் கண்டு நாம் மகிழவேண்டும். எழுதிவிட்டேன். மகிழ்ச்சி இன்னும் வரவில்லை, வந்தால் தெரிவிக்கிறேன்.

உன் அன்புள்ள,
பாக்கியவதி பர்னபாஸ்


குடியாத்தம்
1903 பிப்ரவரி 23

கிறிஸ்துவுக்குள் அன்பான பாக்கியத்துக்கு யோவன்னாள் எழுதியது.

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். வகுப்பில் பெண்கள் இந்த வருஷம் வாயாடிகள், உன்னைப் போல.

அடியே, உன் கடிதத்தில் அந்தப் பெண்ணின் பூட்ஸுக்கும் குடைக்கும் கிடைத்த இடம் கர்த்தருக்குக் கிடைக்கவில்லை. சம்பங்கியின் சேதி வழக்கம்போல நிறைய இருந்தது, படித்தேன். பொறாமை வந்துவிட்டது என்று நேராக எழுதியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். நீ அதை எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாய்.

நான் ஒரு வழி சொல்கிறேன். உலை வைக்குமுன் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்துக் கலயத்தில் போட்டுவைப்போமே, அதை நீ இன்னும் விட்டிருக்கமாட்டாய். இனிமேல் அதைப் போடும்போதெல்லாம் ஃப்ளோரா பேரைச் சொல்லி, அவளுக்கு நன்மை செய்யும் ஆண்டவரே என்று ஜெபி. கையில் அரிசியை வைத்துக்கொண்டு ஒருத்தியைச் சபிக்க மனசு வராது.

இம்மாதப் பாடமும் அதுதான். நமக்குப் பிடிக்காத ஒருவருக்காக, கை வேலை செய்கிறபோதே ஜெபிக்கவேண்டும். முழங்கால்படியிட்டு ஜெபித்தால் நாம் பெரிய பரிசுத்தவாட்டி என்று நமக்கே தோன்றிவிடும். எனக்கு முழங்கால் மடங்காததால் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

பர்னபாஸ் அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

யோவன்னாள்


மைசூர் மைன்ஸ்
1903 ஏப்ரல் 14

பிரியமான யோவன்னாளுக்கு,

மனசு வரும். கையில் அரிசியை வைத்துக்கொண்டும் சபிக்கலாம். நான் செய்துபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நீ சொன்னபடிதான் ஆரம்பித்தேன். "ஆண்டவரே, ஃப்ளோராவுக்கு நன்மை செய்யும், அவளைப் பெங்களூரிலேயே ஒரு நல்ல இடத்தில் வைத்து ஆசீர்வதியும்" என்றுதான் வாயில் வந்தது. திருத்திச் சொல்லிப் பார்த்தேன். "அவள் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடும்" என்று வந்தது. பிறகு பேசாமல் அரிசியை மட்டும் போட ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கலயங்களை வரிசையாக வந்து கூடையில் கொட்டுவோம் இல்லையா? ஃப்ளோரா தனியாள். ஒற்றை வயிற்றுக்குச் சமைக்கிறவள். அவள் கலயம் என் கலயத்தைவிட நிரம்பியிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளிலிருந்து நான் இரண்டு கைப்பிடி போட்டேன். அடுத்த வாரம் மூன்று. என் கலயம் விளிம்பு தட்டி வழிந்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "அக்காவுக்கு ரொம்பத் தாராள மனசு" என்றாள். அன்றைக்கு மட்டும் நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

வீட்டில் பானை இளைத்துப்போயிற்று. ஷிப்ட் முடிந்து வந்த அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, கம்பெனியில கூலியக் கொறச்சிட்டாங்களா, எனக்குத் தெரியாம?" என்று கேட்டார். களி கிண்டிச் சமாளித்தேன். வார முடிவில் சம்பங்கி வீட்டில் படி அரிசி கைமாற்று வாங்கினேன். கர்த்தருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கையேந்தியவள் இந்த லைனில் நான் ஒருத்திதான் இருப்பேன். சிரிக்காதே.

இதெல்லாம் சும்மா சேதி. பெரிய சேதி இனிமேல்தான்.

சம்பங்கி ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாள். நாலு வருஷம் நான் காத்திருந்த நாள். எல்லப்பன்கூட முணுமுணுத்துவிட்டுச் சரி சொல்லிவிட்டான், குழந்தைகளை இழுக்கக்கூடாது என்ற பேச்சோடு. ஞானத்தாயாக நிற்பவள்தான் வெள்ளைப் புடவை எடுத்துக்கொடுத்து, அன்றைக்குப் பந்தியும் போடவேண்டும், அது எங்கள் லைன் வழக்கம். நான் மனசுக்குள்ளே புடவைக்குக் கரைகூடத் தீர்மானித்து வைத்திருந்தேன். சம்பங்கி வந்து என் வாசலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "ஃப்ளோராம்மாவை ஞானத்தாயா நிக்கச் சொல்லிக் கேட்டுக்கினேன்க்கா" என்றாள்.

நான் நல்லது என்றேன். நல்லது என்று சொன்ன அந்த வாயை அடுப்பில் வைத்துச் சுட்டிருக்கலாம். எனக்குப் பொறாமைதான், யோவன்னாள். ஒரே வரியில் எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன், முடியவில்லை.

இம்மாதப் பாடம் என்னிடம் இல்லை. நீயே இரண்டாக எழுது.

பாக்கியவதி


குடியாத்தம்
1903 ஏப்ரல் 27

அன்பான பாக்கியம்,

சிரிக்காதே என்றாய், மூன்றாவது கைப்பிடியில் சிரித்துவிட்டேன். கடைசிக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. நீ உள்ளபடியே எழுதினது நல்லது. பொறாமையை நமக்குள் வைத்து மூடினால் அது வேறு பெயர் வைத்துக்கொண்டு வெளியே வரும், பக்தி என்றோ நியாயம் என்றோ.

இரண்டு பாடம் கேட்டாய். முதலாவது, கலயத்தை ஒரு கைப்பிடிக்குக் கொண்டுவந்துவிடு. புருஷன் தட்டிலிருந்து எடுத்துக் காணிக்கை போடாதே. இரண்டாவது, அந்தப் பெண்ணை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடு. ஊரெல்லாம் அவள் பாட்டைக் கேட்கிறதே, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டவர்கள் யார்? பரிமாறும்போது ஏதாவது ஒன்றை அவளிடம் கற்றுக்கொள்ளக் கேள். நம்மைவிட இளையவளிடம் ஒன்றைக் கற்றுக்கொள்வது கிறிஸ்தவ வாழ்க்கையில் ரொம்பக் கசப்பான கஷாயம், ஆனால் கேட்கும்.

இன்னொன்று பாடமில்லை, பயத்தில் சொல்கிறேன். ஞானஸ்நானத்துக்கு முன் போதகர் ஐயா அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு, இவள் பழைய வழக்கங்களை விட்டுவிட்டாளா என்று விசாரிப்பாரே. அன்றைக்கு நீ போகாதே. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள். நான் உன்னை அறிவேன்.

யோவன்னாள்


மைசூர் மைன்ஸ்
1903 மே 18

பிரியமுள்ள யோவன்னாளுக்கு,

உன் கடிதம் இரண்டு நாள் பிந்தி வந்தது. தபால்காரன் மேல் பழி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விருந்துச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டேன், வந்தாள். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவைத்தாள். களியை எப்படி உருட்டி விழுங்குவது என்று தெரியாமல் மென்றுகொண்டே இருந்தாள், என் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினாள். எனக்கு ஹார்மோனியத்தில் ஒரு விரல் வைத்துப் பழகக் கற்றுக்கொடுக்கிறேன் என்றாள். என் பேரில் அவளுக்கு மரியாதைதான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எனக்கு அவள்மேல் பெரிய குறை.

இனி மற்றதை எழுதுகிறேன். விருந்துக்கும் முன்னால், உன் கடிதம் வருமுன்னே போதகர் ஐயா வந்துவிட்டார். கோயிலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, லைன் பெண்களைக் கூப்பிட்டு, சம்பங்கி பழைய வழக்கங்களையெல்லாம் விட்டுவிட்டாளா, யாருக்காவது தெரிந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். சம்பங்கி ஃப்ளோராவின் பக்கத்தில் நின்றாள், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அந்த முந்தானையைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று சொன்னேன்: "தை மாசம் பிள்ளைக்கு அம்மை வார்த்தபோது இவள் வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது, நான் கண்ணால் கண்டேன்."

சொன்னது பொய் இல்லை. செருகியிருந்தது. அந்த வேப்பிலையை ஒடித்துக்கொண்டுபோனது நான். கோயிலுக்குப் பின்னால் நிற்கிற மரத்திலிருந்து. பிள்ளை சொறிந்துகொள்ளாமல் தடவிக்கொடுக்கட்டும் என்று கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்து, மிச்சத்தை நிலையில் செருகியதும் நான்தான், வீட்டில் அம்மை என்று தெரிந்து யாரும் உள்ளே வராமல் இருக்க. போதகர் ஐயா கேட்டது சம்பங்கியைப் பற்றி. என்னைப் பற்றிக் கேட்கவில்லையே.

சம்பங்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம், "நீதானேக்கா செருகினே" என்று. சொல்லவில்லை. போதகர் ஐயா ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்துவிட்டார். இன்னும் கொஞ்சகாலம் படிக்கட்டும் என்றார்.

நான் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பாக்கியவதி


குடியாத்தம்
1903 ஜூன் 1

பாக்கியவதிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நீ சொன்னது பொய்தான். ஒவ்வொரு வார்த்தையும் மெய்யாக இருந்தும் பொய். அம்மை வார்த்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேப்பிலையால் தடவின கை எது, எழுந்து நின்று சாட்சி சொன்ன வாய் எது? இரண்டும் ஒரே ஆளுடையதா என்று நான் இரண்டுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உனக்குத் தெரியவில்லையா? நாலு வருஷம் நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அதனால். உன் பாடத்தை அவள் கற்றுக்கொண்டாள், நீ கற்றுக்கொள்ளவில்லை.

நீ போதகர் ஐயாவிடம் போய் வேப்பிலை யாருடையது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லுகிறவரைக்கும் நான் உனக்குப் பாடம் எழுதமாட்டேன்.

இவ்வளவு கோபமாக எழுதுகிறவள் சுத்தமானவள் என்று எண்ணிவிடாதே. உனக்கு ஒன்று தெரியாது. நாலு வருஷமாக உன் கடிதத்தைப் பிரித்தால் சம்பங்கி, சம்பங்கி, சம்பங்கி. சம்பங்கி பாடினாள், சம்பங்கி சிரித்தாள், சம்பங்கியும் நானும் மாவரைத்தோம். இங்கே வருஷம் முழுவதும் பெண்கள் வருவார்கள், படிப்பார்கள், கலியாணம் ஆகிப் போவார்கள். எனக்கென்று இருந்தது உன் கடிதம் ஒன்று. அதிலும் அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரு தடவையாவது நான் அன்பு சொல்லி எழுதியிருக்கிறேனா, பழைய கடிதங்களை எண்ணிப்பார். அவள் ஞானஸ்நானம் தள்ளிப்போனது என்று படித்ததும் என் மனசில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டுதான் எனக்கு இத்தனை கோபம். உன்மேல் பாதி, என்மேல் பாதி.

போய்ச் சொல்.

யோவன்னாள்


மைசூர் மைன்ஸ்
1903 ஆகஸ்ட் 20

என் பிரியமான யோவன்னாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். நீ சம்பங்கிமேல் பொறாமைப்பட்டாய் என்றதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ சொன்னபடியே போய்ச் சொன்னேன்.

போதகர் ஐயா ஜூலையில் வந்தார். எல்லாப் பெண்களும் இருந்தார்கள், ஃப்ளோராவும் இருந்தாள். வேப்பிலை என்னுடையது, ஒடித்ததும் நான், செருகியதும் நான், பொறாமையில் மறைத்துச் சொன்னேன் என்றேன். போதகர் ஐயா என்னைக் கண்டித்தார், ஆறு மாதம் இராப்போஜனப் பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கக்கூடாது என்றார். சரிதான். சம்பங்கிக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தடையில்லை என்றும் சொன்னார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. எல்லப்பன் மாட்டேன் என்றுவிட்டான். அவனோடு வேலை செய்கிறவர்கள், உன் பெண்டாட்டியைக் கோயிலிலேகூடச் சேர்க்கவில்லையாமே என்று கேலிபேசி, அவனால் கேஜில் தலைநிமிர்ந்து நிற்க முடியவில்லையாம். நான் அவன் வாசலில் போய் நின்றேன். "ஒரு தபா வேணாங்கறீங்கோ, ஒரு தபா வாங்கங்கறீங்கோ. எம் பொண்டாட்டி இன்னா கோலிகுண்டா, நீங்கோ வெளையாட? போங்க" என்று மூங்கில் தட்டிக் கதவைச் சாத்தினான். சம்பங்கி உள்ளே இருந்தாள். வரவில்லை.

அவனுக்கு அவமானம் நேர்ந்தது கோயிலில் அல்ல, சுரங்கத்தில் இறங்குகிற ஷாப்ட் வாசலில். ஆகவே அங்கேதான் போகவேண்டும் என்று எனக்குப் பட்டது. பெண்கள் யாரும் அங்கே போய் நிற்பதில்லை, யாராவது செத்தால் தவிர. சங்கு ஊதினதும் போனேன். என்னைக் கண்டதும் ஆண்கள் எல்லாரும் யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோய் நின்றுவிட்டார்கள். கேஜிலிருந்து எல்லப்பன் இறங்கினான். என் வீட்டுக்காரரும் இறங்கினார், உடம்பெல்லாம் சேறு. சத்தமாகச் சொன்னேன்: "எல்லப்பா, உன் வீட்டு வேப்பிலை நான் செருகினது. உன் பெண்சாதி மேல ஒரு குத்தமும் இல்ல. அவ எங்கிட்டப் பாடம் கேட்டுட்டு வேற ஒருத்திகிட்டப் போயிட்டான்னு எனக்கு வயித்தெரிச்சல். அதான் சொன்னேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். எல்லப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வயித்தெரிச்சலா? எம் பொண்டாட்டிக்காவா?" என்றான். அவன் முகத்தில் ஒரு மாதிரிப் பெருமை வந்ததை நான் கண்டேன். பார்க்கலாம் என்று சொல்லிப் போனான்.

என் வீட்டுக்காரர் அந்தச் சேற்றோடு என் கூடவே நடந்து வந்தார். வீட்டு வாசலில் வந்ததும், "இன்னிக்காவது சோறு நெறய வைம்மே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சம்பங்கி மறுநாள் வந்தாள். உரலுக்கு எதிரே உட்கார்ந்தாள், வழக்கமான இடத்தில். ஏன் என்னை ஞானத்தாயாக நிற்கக் கேட்கவில்லை என்று நான் கேட்டேவிட்டேன். இத்தனைக்குப் பிறகும் கேட்டேன், பார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீயே அரிசி கைமாத்து வாங்கினு இருந்தே. அண்ணன் களி துன்னுட்டு ஷிப்டுக்குப் போனாரு. உங்க வூட்ல இன்னா கஷ்டமோன்னு நெனச்சேன். உன்னக் கேட்டா நீ மாட்டேன்னு சொல்லமாட்டே, பொடவை எடுப்பே, பந்தி போடுவே. அதான் சம்பளக்காரம்மாவக் கேட்டேன்."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஃப்ளோராவின் கலயத்தைத் தோற்கடிக்க நான் போட்ட அரிசி. அதனால் வந்த பஞ்சத்தைக் கண்டு இவள் எனக்கு இரங்கியிருக்கிறாள். இனிமேலாவது என்னை நிறுத்திக்கொள்வாயா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃப்ளோராம்மாக்கு வார்த்த குடுத்துட்டனேக்கா" என்றாள். வார்த்தை கொடுத்தால் மாறக்கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

இம்மாதப் பாடம்: மன்னிப்புக் கிடைத்தாலும் இழந்தது திரும்பக் கிடைக்கும் என்றில்லை. இதை நான் ஒருவரிடமும் கேட்டு எழுதவில்லை.

பாக்கியவதி


குடியாத்தம்
1903 செப்டம்பர் 7

அன்பான பாக்கியம்,

ஷாப்ட் வாசலில் நீ நின்றதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்தத் தைரியம் வராது. உன்னோடு ஜோடி சேர்த்தார்களே என்று போர்டிங்கில் நான் அழுதது உனக்கு நினைவிருக்கும், இவள் சண்டைக்காரி என்று. இப்போது சந்தோஷப்படுகிறேன்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது, அதிகம் எழுத நேரமில்லை. இம்மாதப் பாடத்தை எழுதாமல் செய்துகாட்டுகிறேன். கை வர நேரமாயிற்று, ஆனாலும் எழுதிவிட்டேன்:

சம்பங்கிக்கு என் அன்பைச் சொல்.

யோவன்னாள்


மைசூர் மைன்ஸ்
1903 டிசம்பர் 28

என் உயிருக்குயிரான யோவன்னாளுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. எல்லாரும் சுகம். நேற்று ஞாயிற்றுக்கிழமை சம்பங்கிக்கு ஞானஸ்நானம் ஆயிற்று.

எல்லப்பன் குடிக்காமல் வந்து, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தான். ஃப்ளோரா வெள்ளைப் புடவை எடுத்திருந்தாள். நல்ல புடவைதான். நான் எடுத்திருந்தால் கரை சிவப்பாக இருந்திருக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன், என் தண்டனைக்காலம் இன்னும் முடியவில்லையே. எவருக்காவது தடை சொல்ல உண்டா என்று போதகர் ஐயா கேட்டபோது எல்லாப் பெண்களும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நான் என் மடியில் இருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். பந்திக்குச் சோறு வடித்ததும் நான்தான், ஃப்ளோராவின் பானையில். அவள் குழைத்துவிடுவாள் என்று எனக்குப் பயம்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்று வைத்திருக்கிறேன். சம்பங்கி ஃப்ளோராவோடு எழுந்து முன்னே போனபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கொஞ்சமும் குறையவில்லை. அது என்னோடுதான் சாகும் போலிருக்கிறது. ஆனால் நேற்று அதை உட்காரவைத்துவிட்டு நான் பாடினேன். ஃப்ளோரா வாசித்தாள், நான் பாடினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். ஞானத்தாய்தான் புதுப் பெயரைச் சொல்லவேண்டும். ஃப்ளோரா பெங்களூர்ப் பெயர் ஏதாவது வைப்பாள், கூப்பிட என் வாயில் நுழையாது என்று நான் தயாராக இருந்தேன். போதகர் ஐயா என்ன பெயர் என்றார். ஃப்ளோரா பேசாமல் சம்பங்கியைப் பார்த்தாள். சம்பங்கி தானே வாயைத் திறந்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "யோவன்னாள்" என்றாள்.

நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான். புடவை எடுத்தவள் ஃப்ளோரா. பெயர் உனக்குப் போயிற்று! குடியாத்தத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உனக்கு!

பந்தி முடிந்ததும் அவளைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய், இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த உன் அன்பைச் சொல்லி, ஏன்டி இந்தப் பெயர், ஃப்ளோரா சொன்னாளா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நீ தெனம் காலையில ஜெபம் பண்ணறப்போ தட்டிக்கு இந்தாண்ட எனக்குக் கேக்கும்க்கா. அண்ணன் பேருக்கு முன்னாடி, புள்ளைங்கோ பேருக்கு முன்னாடி, மொதல்ல அந்தப் பேருதான் சொல்லுவே. எம் பேரு கடைசில வரும். சில நாளு வராது. அந்தம்மா மேல எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா? அதான் அந்தப் பேரையே வெச்சிக்கினேன்" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இன்று காலை ஜெபிக்க உட்கார்ந்து உன் பெயரை எடுத்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிற்று, கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் சத்தமாகவே சொன்னேன். அது யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் இருந்தால் சரி.

உன்,
பாக்கியவதி